தனி அடுப்பு

எண்பத்தைந்தாம் வருஷத்து மழையில் அடையாறு கரை மீறி அனகாபுத்தூருக்குள் வந்தபோது, ஆற்றோரத் தெருவில் இருந்த தட்சிணாமூர்த்தியின் மண்சுவர் வீடு உட்கார்ந்துவிட்டது. செய்தி கேட்டதும் பம்மலிலிருந்து அவருடைய மச்சான் துரைராஜ் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியை அமர்த்திக்கொண்டு கிளம்பினார். வண்டி சந்துக்குள் போகவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய், அக்கா தையல்நாயகியை ஒரு கையிலும் அக்கா மகள் கனகவல்லியை இன்னொரு கையிலும் பிடித்துக் கூட்டி வந்தார். பிறகு திரும்ப உள்ளே போய், மாமாவோடு சேர்ந்து தறிக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தார். பம்மல் வந்து சேர்ந்தபோது வண்டியில் அந்தக் கட்டைகளும் ஒரு டிரங்குப் பெட்டியும் கொஞ்சம் பாத்திரங்களும்தான் இருந்தன.

நான் அப்போது துரைராஜ் வீட்டு முன்பக்கப் போர்ஷனில் மனைவியோடு குடியிருந்தேன். குரோம்பேட்டையில் ஒரு பில்டிங் காண்ட்ராக்டர் ஆபீசில் டிராப்ட்ஸ்மேன் வேலை. ஸ்ரீரங்கன் என்ற என் பேரை அந்த வீட்டில் எல்லோரும் ரங்கன் சார் என்று சுருக்கிவிட்டார்கள்.

துரைராஜின் அப்பா காலத்தில் அது ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம். நிலத்தில் பாதி கைமாறி, இவர் காலத்தில் மெயின் ரோட்டில் சிமெண்டும் கம்பியும் விற்கிற கடையாகியிருந்தது. அம்மா இறந்தபோது இவர் சின்னப் பையன். இவரைக் குளிப்பாட்டித் தலைசீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர் அக்காதான். கல்யாணமாகி அனகாபுத்தூருக்குப் போன பிறகும் வாரத்துக்கு ஒரு தடவை ஏதாவது செய்து தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு நடந்தே வந்துவிடுவார். இதெல்லாம் துரைராஜே எனக்குச் சொன்னது. சொல்லும்போது அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிடும்.

பங்குனி மாதம் வரை இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தன. துரைராஜின் மனைவி சாமுண்டீஸ்வரி முகம் சுளிக்காமல்தான் வடித்துக் கொட்டினார். கனகவல்லிக்குத் தன் பழைய தாவணிகளை எடுத்துக் கொடுத்தார். ஆனால் தட்சிணாமூர்த்திக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தறிக்காரர். கால் அசையாமல் உட்கார்ந்து பழக்கமில்லை. காலையில் மச்சான் கடைக்குப் போய் மூட்டை தூக்கிப் பார்த்தார். சிமெண்டுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் இருமிக்கொண்டே திரும்பி வந்தார்.

வீட்டுக்குப் பின்னால் குவாரி மலையின் அடிவாரம் வரைக்கும் தோட்டம் மேலே ஏறிப் போகும். கொய்யா, சப்போட்டா, இரண்டு பலா, மேலே போகப் போகப் பாறை. அந்தச் சரிவில், பலா மரங்களுக்குச் சற்று மேலே, அக்காவுக்கு ஒரு வீடு போட்டுக் கொடுத்துவிடலாம் என்று துரைராஜ் முடிவு பண்ணினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் போர்ஷனுக்கு வந்து பிளான் போட்டுத் தரச் சொன்னார்.

"கல்லுக் கட்டடம் வாணாம் சார். மரத்துலயே போட்டுருங்க" என்றார்.

"சிமெண்டு உங்க கடையிலயே இருக்கே?"

"இருந்தா இன்னா. மலைக்கு அந்தப் பக்கம் மத்தியானம் வெடி வைக்கிறான் பாருங்க, எங்க வூட்டு பின்செவுரே எப்டி விட்டுக்கினு கீது. அங்க இன்னும் கிட்ட. மரம்னா ஆடும், வெடிக்காது. அதுவுமில்லாம நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா கழட்டி வச்சுக்கலாம்."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அந்தச் சுவரின் விரிசலை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் பூசுவார்கள். ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் திறக்கும்.

அன்று சாயந்திரமே எல்லோரும் என் டிராயிங் போர்டைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். தச்சர் சவுரிமுத்துவும் வந்திருந்தார். தையல்நாயகி அக்கா தரையில் உட்கார்ந்து, நான் பென்சிலை எடுக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"சார், மொதல்ல அடுப்பு எங்கன்னு போடுங்க. மத்ததெல்லாம் அப்பால பாத்துக்கலாம்."

"அடுப்பு எங்க வேணா வச்சுக்கலாங்க்கா."

"எங்க வேணா எப்டி வைப்பீங்க? சுத்திலும் மரம். மரத்து மேல அடுப்ப வச்சிட்டு நான் தூங்கறதா? அடுப்பு கல்லு மேல இருக்கணும்."

அது சரியான பேச்சு. சரிவின் மேல்பக்கத்தில் தரைமட்டமும் பாறையும் ஒன்றாக இருக்கும். அங்கே பலகை போடாமல், பாறையையே கொஞ்சம் சமப்படுத்தி அடுப்படி வைத்துவிடலாம் என்றேன். மேல்பக்கத்தில் தொடங்கும் பலகைத் தளம் கீழ்ப்பக்கம் வரும்போது தரையிலிருந்து நெஞ்சு உயரத்துக்கு எழும்பி, தூண்களின் மேல் நிற்கும். இருபதடிக்குப் பன்னிரண்டடி. ஒரு கூடம், ஒரு சின்ன அறை, அடுப்படி. கூடத்தில் தறி.

"தறி வாணாம் சார்" என்றார் தட்சிணாமூர்த்தி மெதுவாக. "அது குழித்தறி. கால் வைக்க ஆழமா குழி ஓணும். அந்தப் பாறையில எங்க தோண்டறது? நான் வேற எதுனா வேலைக்குப் போறேன்."

"போவே, போவே" என்றார் அக்கா. "மூணு நாள் மூட்ட தூக்கனதுக்கே ராவெல்லாம் இருமிக்கினு கெடந்த. சார், கீழ்ப்பக்கம் தளத்துக்கு அடியில காலியாத்தானே கீது? தளத்துல ஒரு ஓட்ட போட்டு, அதுல பொட்டி மாதிரி ஒண்ணு தொங்க வுட்டா கால் வச்சுக்க முடியாதா?"

சவுரிமுத்து தலையை ஆட்டினார். "தொங்க வுட்டா நிக்காதும்மா. அவரு மிதிக்க மிதிக்க ஆணி புடுங்கிக்கினு வந்துரும்."

நான் அந்த இடத்தைப் பக்கவாட்டில் வரைந்து பார்த்தேன். பெட்டியைத் தொங்கவிட வேண்டாம், அதன் அடியில் பாறையிலிருந்தே இரண்டு குட்டைத் தூண் கொடுத்துத் தாங்கிவிடலாம், மிதிக்கிற பாரம் நேராகப் பாறையில் இறங்கிவிடும் என்று காட்டினேன். சவுரிமுத்து தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்டின்னா நிக்கும்" என்றார். தட்சிணாமூர்த்தியின் இரண்டு பாதங்களும் தரையில் மாறி மாறி லேசாக அழுத்திக்கொண்டிருந்ததைக் கவனித்தேன்.

"ஜன்னல் எந்தப் பக்கம்க்கா?"

"மூணு பக்கம் சின்னதா வச்சுருங்க. கீழ்ப்பக்கம் மட்டும் பெர்சா. அங்கேர்ந்து பாத்தா தொர வூட்டு பின்கட்டு தெரியணும். கூப்ட்ட கொரலுக்கு அவனும் வரணும், நானும் போவணும்."

துரைராஜ் சிரித்தார். சாமுண்டீஸ்வரியும் சிரித்தார். அன்று எல்லோருக்கும் டிபன் அவர் செய்த அடைதான்.

மரம் பல்லாவரம் பக்கத்தில் இடித்த ஒரு பழைய பங்களாவிலிருந்து வந்தது. உத்தரமும் தூணும் தேக்கு. சுவருக்குத் தொழிற்சாலைகளில் மெஷின் வந்து இறங்குகிற பெட்டிப் பலகை. சில பலகைகளில் ஏதோ பாஷையில் கறுப்பு எழுத்து இருந்தது. அதை உள்பக்கமாகத் திருப்பி அடித்தார்கள். சமமான தரையாக இருந்திருந்தால் சவுரிமுத்து எல்லாத் தூணையும் ஒரே அளவில் அறுத்துப் போட்டிருப்பார். இங்கே அப்படி முடியவில்லை. பாறை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு உயரம். ஒவ்வொரு தூணையும் அதனதன் இடத்தில் நிறுத்தி, குறி போட்டு, அடியைப் பாறையின் மேடுபள்ளத்துக்குத் தகுந்தபடி செதுக்கி, மறுபடி நிறுத்திப் பார்த்து, அப்படித்தான் வேலை நடந்தது. கரையானுக்காகத் தூணின் அடியில் மெக்கானிக் ஷாப் கறுப்பு ஆயிலை ஊற்றி ஊறவைத்தார்கள். மத்தியானம் குவாரியில் விசில் அடித்ததும் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பலா மரத்தடிக்கு வருவார்கள். வெடிச்சத்தம் காலுக்குக் கீழே போய் அடங்கும். பிறகு அக்கா கஞ்சியும் சுட்ட கருவாடும் கொண்டுவருவார்.

கூரைக்குச் சீமை ஓடு போட்டுப் பங்குனியில் குடி போனார்கள். அக்கா முதலில் செய்தது அடுப்படிப் பாறையைச் சாணமிட்டு மெழுகி, அடுப்புக் கூட்டிப் பால் பொங்கவிட்டது.

அதற்குப் பிறகு நாலு வருஷம் நன்றாகத்தான் போயின. காலையில் நான் பல் விளக்கக் கிணற்றடிக்கு வரும்போது மேலே தறிச் சத்தம் ஆரம்பித்திருக்கும். துரைராஜ் கடை திறக்கும் முன்னால் மேலே ஏறிப் போய் அக்கா கையால் ஒரு காப்பி குடித்துவிட்டு இறங்குவார். வீட்டிலும் காப்பி உண்டு. அதையும் குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை அக்கா மொச்சையும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கீழே இறங்கி வரும். சாமுண்டீஸ்வரி வடை சுட்டால் ஒரு தட்டு மேலே ஏறும். எனக்கும் உண்டு, கருவாட்டுக் குழம்பு தவிர. மழை நாளில் அந்த வீட்டு ஓட்டிலும் பலகையிலும் விழுகிற சத்தம் கீழே வரை கேட்கும். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் தலைக்கு மேலே போகும்போது வீடு முழுவதும் லேசாக நடுங்கும் என்று கனகவல்லி சொல்லுவாள். அவள் பத்தாவது முடித்து டைப்ரைட்டிங் போய்க்கொண்டிருந்தாள்.

எண்பத்தொன்பது வாக்கில் எங்கள் பக்கத்தில் இடம் வாங்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்து வயல் ஒன்று கல் நட்டு ஏதோ நகர் ஆனது. வெள்ளைச் சட்டை போட்ட புரோக்கர் ஒருவர் துரைராஜின் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு, மேட்டு நிலமாக இருந்தால் வெள்ளம் வராது, ஜனங்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்று பேசிக்கொண்டே இருப்பார். துரைராஜ் விற்கிற எண்ணத்தில் இல்லை. தன் இரண்டு பையன்களுக்கும் பின்னால் ஆகும் என்பார்.

சாமுண்டீஸ்வரிக்குத்தான் பயம் பிடித்தது. அவருடைய அண்ணன் குன்றத்தூர்ப் பக்கம் இரக்கப்பட்டு ஒரு குடும்பத்தைக் கொல்லையில் குடிவைத்து, அவர்கள் பத்து வருஷம் கழித்துப் போகமாட்டேன் என்று சொல்லி, கோர்ட்டு கேஸ் என்று அலைந்து அந்த அண்ணன் நொந்தே செத்துப்போனார். அதை அவர் என் மனைவியிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"அண்ணி அப்டிப்பட்டவங்க இல்ல, எனக்குத் தெரியாதா" என்பார். "ஆனா நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒருத்தன் வருவான் பாருங்க. அவன் எப்டிப்பட்டவனோ."

அந்தச் சமயத்தில்தான் அக்கா தனியாக ஒரு கரண்ட் மீட்டர் கேட்டார். துரைராஜ் வீட்டிலிருந்து ஒரு ஒயர் இழுத்து ஒரே ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கனகவல்லி படிக்க இன்னொரு விளக்கு வேண்டும், தம்பிக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்பது அவர் நினைப்பு. துரைராஜ், "பாக்கலாம்க்கா" என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார்.

தொண்ணூறாம் வருஷம் கோடையில் மக்கள்தொகை எடுக்கிறதற்கு முன்னால் வீடுகளுக்கு நம்பர் போட வந்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர் யூனிஸ் டீச்சர். அரசுப் பள்ளியில் வேலை. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் காவிக் குழம்பு டப்பாவும் பிரஷும். அன்று எனக்கு லீவு. என் போர்ஷன் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நம்பர் போட்டார், துரைராஜ் வீட்டுக்கு ஒரு நம்பர் போட்டார். மோர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது பின்பக்கம் பார்த்து, "மேல ஒரு வீடு தெரியுதே சார்?" என்றார்.

துரைராஜ், "அது ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றார். டீச்சர் அதற்குள் ஏறத் தொடங்கிவிட்டார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.

தையல்நாயகி அக்கா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். தெருவில் நம்பர் போட்டுக்கொண்டு வருகிற செய்தி காலையிலேயே அவருக்கு எட்டியிருக்க வேண்டும். வாசல்கதவுக்கு வலப்பக்கத்துப் பலகை ஈரத்துணியால் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"வாங்க டீச்சர். எங்க போடுவீங்க? இந்தப் பலகை நல்லா வழவழன்னு கீது. காவி புடிக்கும்."

டீச்சர் சிரித்துக்கொண்டே குடையை மடக்கினார். "போட்டுடலாம்மா. மரத்துலயே கட்டியிருக்கீங்களே, நல்லாருக்கு. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்களுக்குத் தனி அடுப்பா, இல்ல கீழ் வீட்டோட ஒரே அடுப்பா? தனி அடுப்புன்னாத்தான் தனி நம்பர்."

அக்கா வாய் திறப்பதற்குள் துரைராஜ் முந்திக்கொண்டார்.

"ஒரே அடுப்பு தான் டீச்சர். வெள்ளத்துல வூடு போயி வந்தாங்க, நம்மளோடதான் சாப்பாடெல்லாம். ராத்திரி படுக்கறதுக்குத்தான் இந்த ஷெட்டு. எங்க வூட்டு நம்பர்லயே சேர்த்துக்குங்க."

உள்ளே அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மொச்சை வாசனை வாசல் வரை வந்தது. டீச்சருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. பிரஷைக் கையில் வைத்தபடி அவர் அக்காவைப் பார்த்தார்.

"அப்படிங்களாம்மா?"

அக்கா துரைராஜைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. சின்னப் பிள்ளை ஒன்று புரியாத பாஷையில் ஏதோ சொன்னால் நாம் பார்ப்போமே, அப்படிப் பார்த்தார். தறிச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"தம்பி சொல்றதுதான் டீச்சர்" என்றார்.

டீச்சர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். துரைராஜ் அவரோடு பேசிக்கொண்டே வேகமாக இறங்கினார். நானும் இறங்கினேன். அங்கே நிற்க முடியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா குழம்புச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். பின்னால் தட்சிணாமூர்த்தியும் கனகவல்லியும் ஆளுக்கொரு தட்டோடு வந்தார்கள். துரைராஜின் சமையல்கட்டும் கிணற்றடியும் எங்கள் பக்கத்துத் தாழ்வாரத்துக்கு எதிரே. நானும் என் மனைவியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம்.

"இன்னா அண்ணி, இன்னிக்கு எல்லாருமா?" என்றார் சாமுண்டீஸ்வரி.

"நாம ஒரே அடுப்பாமே சாமுண்டி. தொர சொன்னான். இலை வாணாம், தட்டு எடுத்தாந்துட்டோம். சோறு போடு."

சாமுண்டீஸ்வரி கணவரைப் பார்த்தார். துரைராஜ் தலை நிமிரவில்லை. சாமுண்டீஸ்வரி பரிமாறினார். இரண்டு பேருக்கு மேல் சோறு காணவில்லை. இன்னொரு உலை வைத்தார். கனகவல்லி தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தட்சிணாமூர்த்தி, "எழுந்திரு தையலு, போலாம்" என்று இரண்டு தடவை சொன்னார். அக்கா எழுந்திருக்கவில்லை. சோறு வந்ததும் நிதானமாகச் சாப்பிட்டார். தான் கொண்டுவந்த குழம்பைத் தம்பி பிள்ளைகளுக்கும் ஊற்றினார். பிறகு எல்லாத் தட்டையும் கிணற்றடிக்கு எடுத்துப் போய்க் கழுவ உட்கார்ந்தார். துரைராஜ் பக்கத்தில் போய் நின்றார்.

"வுடுக்கா. சாமுண்டி கழுவிப்பா."

"இன்னாத்துக்கு தொர அப்டி சொன்ன?"

"சும்மாதான்க்கா. நம்பர் போட்டா வரி, அது இதுன்னு ஒரே பேஜாரு."

"வரிய நான் கட்ட மாட்டனா?"

அக்கா ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"மரத்துல கட்டனது வெடிக்காகவா, இதுக்காகவா?"

"ரெண்டுத்துக்கும்தான்க்கா" என்றார் துரைராஜ்.

"சரி" என்றார் அக்கா. மிச்சத் தட்டுகளையும் கழுவி முடித்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

மறுநாள் காலையில் துரைராஜ் வழக்கம் போல மேலே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பிவிட்டார். அக்கா காப்பி கொடுத்தாராம். ஆனால் உட்காரச் சொல்லாமல் கொடுத்தாராம். இதை அவர் என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் அவர்கள் போய்விட்டார்கள். தட்சிணாமூர்த்தியின் கூட்டாளி ஒருவர் மேடவாக்கத்தில் கொட்டகை போட்டு நாலு தறி வைத்திருந்தார். அங்கே வேலை, பக்கத்திலேயே வாடகைக்கு ஓர் இடம். தறியை மட்டும் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். துரைராஜ் ஒரு பக்கம் பிடிக்கப் போனார். தட்சிணாமூர்த்தி, "வுடு மச்சான், நான் பாத்துக்கறேன்" என்று நல்லபடியாகத்தான் சொன்னார். அக்கா சாமுண்டீஸ்வரியிடம் சொல்லிக்கொண்டார், என் மனைவிக்குக் குங்குமம் கொடுத்தார், தம்பியிடம், "ஒடம்பப் பாத்துக்க. வெயில்ல கட சாப்பாடு சாப்புடாத" என்றார். அவ்வளவுதான்.

கழற்றி வைத்துக்கொள்ளலாம் என்று கட்டிய அந்த வீட்டைத் துரைராஜ் கழற்றவில்லை. வாடகைக்கு விடலாமே என்று சாமுண்டீஸ்வரி ஒரு தடவை கேட்டு, அவர் பார்த்த பார்வையில் அப்புறம் கேட்கவே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அவரே ஏறிப் போய் ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு வருவார். மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவார். மேடவாக்கத்துக்குப் பொங்கல், தீபாவளி என்று போய்விட்டு வருவார். போனால் மரியாதை இருந்தது. சாப்பாடு இருந்தது. அக்காவை வீட்டுக்குக் கூப்பிடுவார். "வரேன் வரேன்" என்பாராம். வரவில்லை.

நான் தொண்ணூற்றிரண்டில் குரோம்பேட்டையில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டேன். தொண்ணூற்றைந்தில் ஒருநாள் துரைராஜ் என் வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. பையன்கள் இரண்டு பேரும் தோட்டத்தை மனை போட்டு விற்றுவிடுவதென்று நிற்கிறார்களாம். சொந்தமாக லாரி ஓட்டப் போகிறார்களாம். தன்னால் இனி மறித்துப் பேச முடியவில்லை என்றார்.

"அக்காவப் பாக்கணும் சார். நீங்களும் வாங்க. நீங்க இருந்தா நான் ஒழுங்கா பேசுவேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மேடவாக்கம் போனோம். அப்போது அங்கே பாதிக்கு மேல் வயல்தான். ஏரிக்கரையைத் தாண்டி ஒரு வரிசை வீடுகள். அக்கா வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையும் முன்னால் ஒரு சாய்ப்பும். கனகவல்லிக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாமன் சீரெல்லாம் துரைராஜ்தான் செய்தார். பந்தலில் தாய்மாமன் இடத்தில் அவரைத்தான் உட்கார வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்த யாரும் அந்தக் குடும்பத்தில் ஒரு குறை இருப்பதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். தட்சிணாமூர்த்தி ஏதோ வேலையாகத் தாம்பரம் போயிருந்தார்.

அக்கா எங்களுக்குப் பாய் விரித்தார். எனக்குத் தனியாக முருங்கைக்காய் சாம்பார் வைத்திருந்தார். எனக்கு எது ஆகும் எது ஆகாது என்பதை அவர் மறக்கவில்லை. அவர் பரிமாறிக்கொண்டிருக்கும்போது துரைராஜ் ஆரம்பித்தார்.

"அக்கா, தோட்டத்த விக்கிறாங்க. பசங்க கேக்கல. வூடு இருக்கற எடத்த மட்டும் நான் தனியா பிரிச்சு உன் பேருக்கு எழுதிடறேன். அத வுட்டுட்டுத்தான் விக்கச் சொல்லிட்டேன். ரங்கன் சார அதுக்குத்தான் இஸ்துகினு வந்தேன், அளந்து குடுப்பாரு."

"சோத்தப் பெசஞ்சு சாப்டு. ஆறிடப் போவுது."

"நெஜமா சொல்றேன்க்கா."

"நெஜமாத்தான் சொல்ற. தெரியுது." அக்கா கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "நான் எடம் கேட்டனா தொர? ஒரு நாளாவது கேட்டனா? 'அக்கா, இது என் எடம், பசங்களுக்கு ஓணும், கொஞ்ச வருசம் இருந்துட்டு வேற பாத்துக்க'ன்னு நீ என்னாண்ட வந்து சொல்லியிருந்தா, நான் இன்னா சொல்லியிருப்பேன்? சரின்னு சொல்லியிருப்பேன். ஆத்துல போன வூட்டுக்கு நீ ஒரு வூடு குடுத்த. அதுக்கு மேல எனக்கு இன்னா ஓணும்?"

"பயந்துட்டேன்க்கா."

"யாருக்கு? எனக்கா?"

துரைராஜ் சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். நான் தண்ணீர் குடித்தேன். பிறகு அவர் வேறு வழியில் வந்தார்.

"சரி, எடம் வாணாம். வூட்டையாவது எடுத்துக்க. அது உன்னுதுதானே. சவுரிமுத்து இன்னும் கீறாரு. கழட்டி லாரில போட்டு எட்த்தாந்து இங்கயே நிறுத்திடறேன். தூணு உத்தரமெல்லாம் தேக்கு. ஒரு பலகைகூட கெட்டுப்போவல. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

அக்கா வாசல் வழியாக வெளியே பார்த்தார். எதிரே நாற்றங்கால். அதற்குப் பிறகும் வயல். கண்ணுக்கு எட்டிய வரை ஒரே மட்டமான பூமி.

"இங்க தரை சமமா கீது தொர. அது அந்தச் சரிவுக்குன்னு கட்டனது. ஒவ்வொரு காலும் அந்தப் பாறைக்குன்னு அறுத்தது. இங்க நிக்காது. சாருக்குத் தெரியும், கேட்டுப் பாரு."

துரைராஜ் என்னைப் பார்த்தார். மரத்தை வேறு விதமாக உபயோகிக்கலாம், தூணை எல்லாம் ஒரே அளவாக அறுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அவர்கள் பேசிக்கொண்டது தச்சு வேலையைப் பற்றி இல்லை என்பதால் பேசாமல் இருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தட்டுமா?" என்றார் அக்கா.

"ஊத்துக்கா."

அவர் ஊற்றினார். துரைராஜ் குடித்தார். கை கழுவ அக்கா தண்ணீர் மொண்டு கொடுத்தார். கிளம்பும்போது வாழையிலையில் சுற்றி நாலு அதிரசம் கொடுத்து, சாமுண்டீஸ்வரியிடம் தரச் சொன்னார். தெருமுனை வரைக்கும் கூடவே வந்தார்.

கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. புளிய மரத்து நிழலில் ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். துரைராஜ் அதிரசப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ் வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி நின்றார். நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"சார்" என்றார் அவர், என் பக்கம் திரும்பாமலே. "அன்னிக்கு டீச்சர் அக்காவத்தான் கேட்டாங்க சார். என்னக் கேக்கவே இல்ல."